தவணையைக் கார்டில் தீர்க்கலாமா?

கேள்வி: ஷோரூமில் வட்டியில்லாத் தவணையில் ஃபிரிட்ஜ் வாங்கினேன். இன்னும் 10,000 ரூபாய் பாக்கி. கிரெடிட் கார்டில் ஒரேயடியாகக் கட்டிவிடலாமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: வேண்டாம். கடன் கொடுத்தது கடைக்காரர் இல்லை, நிதி நிறுவனம். அவர்கள் பொதுவாகத் தவணைக்குக் கிரெடிட் கார்டை ஏற்பதில்லை. சரி, ஏடிஎம்மில் கார்டைப் போட்டுப் பணம் எடுத்துக் கட்டலாமே என்று தோன்றும், அங்கேதான் சிக்கல், ஏனென்றால் பொருள் வாங்கும்போது கிடைக்கும் வட்டியில்லா நாட்கள் ரொக்கத்துக்குக் கிடையாது, எடுத்த அன்றே வட்டி ஓடும், எடுத்ததற்குத் தனிக் கட்டணமும் உண்டு. மாதம் 3.5 சதவீதம் என்றால் 350 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 63, ஆக ஒரு மாதத்துக்கே 413. இப்போது நீங்கள் கட்டும் வட்டியோ பூஜ்யம்! கார்டு பில்லில் 'மினிமம் டியூ' என்று போட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் அசல் பெரிதாகக் குறையாது, அந்தக் கார்டில் புதிதாக வாங்கும் மளிகைக்கும் அன்றிலிருந்தே வட்டி விழும்.

தவணைத் தேதிக்கு முன்னால் வங்கிக் கணக்கில் பணம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், பணம் இல்லாமல் தவணை திரும்பினால் அபராதம். அப்புறம், முடிந்ததும் நிலுவை இல்லை என்ற கடிதத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.