பாலைவன நகரத் தோட்ட முறை பினாங்கு வீட்டுக்கு ஒத்துவருமா?

அரிசோனாவில் வீட்டு முன்புறத்துப் புல்லை எடுத்துவிட்டு, அந்த மண்ணின் செடிகளை நட்டு, பறவைக்கும் பூச்சிக்கும் இடம் விடுகிறார்கள்; பினாங்கில் ஒரு வரிசை வீட்டில் அதைச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் கள்ளியும் கூழாங்கல்லும் வாங்கப் போய்விடாதீர்கள். நான் வாங்கினேன். கடைக்காரர் சொன்னபடி பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு அதன்மேல் வெள்ளைக் கல்லைக் கொட்டினோம். மதியத்தில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. அக்டோபர் மழையில் கள்ளியெல்லாம் அடியிலிருந்து கொழகொழவென்று அழுகிச் சாய்ந்தது. ஒரு வண்ணத்துப்பூச்சிகூட வரவில்லை.

மகள் அரிசோனாவின் டூசான் நகரத்தில் படித்தபோது ஓர் ஆகஸ்ட் மாதம் அவளோடு மூன்று வாரம் இருந்தேன். அங்கே ஆண்டு மழை 300 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. தெருவில் ஓடிய தண்ணீர், நடைபாதை ஓரத் திண்டில் வெட்டியிருந்த ஒரு முழ அகல வாய் வழியாக உள்ளே திரும்பி, மரத்தடிப் பள்ளத்தில் இறங்கியது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். பள்ளத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை, மண் மட்டும் ஈரம். பிராட் லங்காஸ்டர் என்பவர் தன் வீட்டு முன்னால் இப்படித் திண்டை வெட்டியபோது அது சட்டத்துக்குப் புறம்பு. பிறகு நகராட்சியே அதை அனுமதித்தது. 2010 முதல் அங்கே புதிய வணிகக் கட்டடங்கள், செடிகளுக்கு வேண்டிய தண்ணீரில் பாதியைப் பிடித்துவைத்த மழைநீரிலிருந்தே எடுக்க வேண்டும்.

அந்தப் பள்ளத்தில் நின்றது மெஸ்கீட் மரம். தமிழ்நாட்டில் கண்மாய்களை அடைத்துக்கொண்டு நிற்கிற சீமைக் கருவேலின் பங்காளி! அங்கே அதன் நிழலில்தான் சகுவாரோ கள்ளியின் குட்டிகள் வெயிலுக்குத் தப்பிப் பிழைக்கின்றன. சகுவாரோ வளர்ந்ததும் மரங்கொத்தி அதில் பொந்து குடைகிறது. மரங்கொத்தி விட்டுப்போன பொந்தில் உள்ளங்கை அளவு ஆந்தை குடியேறுகிறது. ஒரு மண்ணில் தாயாக இருக்கிற மரத்தின் சொந்தக்காரன் இன்னொரு மண்ணில் எமனாகிவிடுகிறான். அதனால்தான் சொல்கிறேன், செடியை அங்கிருந்து எடுக்காதீர்கள். தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே போகிறது என்று முதலில் பார்க்கிற அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

நமக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. நாம் அதைக் கூரையிலிருந்து நேராக லோங்காங்கில், அதாவது தெருவோரச் சாக்கடையில், தள்ளிவிடுகிறோம். நான் கல்லை அள்ளிவிட்டு, கூரைக் குழாய் இறங்கும் இடத்தில் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி, மணலும் மக்கிய இலையும் கலந்து முக்கால்வாசி நிரப்பினேன். மேல்மட்டத்தில் லோங்காங்குக்கு ஒரு வடிகால் கட்டாயம் வையுங்கள், நம் மழைக்கு அது இல்லாமல் முடியாது. டெங்கி பயம் இருக்கிறதே என்பீர்கள். ஒரு நாளுக்குள் தண்ணீர் வடியாவிட்டால் பள்ளம் சரியில்லை, இன்னும் மணல் போடுங்கள்.

அதில் நட்டது செண்டுதோக். கம்போங் (கிராமத்து) ஓரங்களில் ஊதாப் பூவோடு நிற்குமே, பழத்தைத் தின்றால் வாய் கறுக்குமே, அதுதான். காலை எட்டு மணிக்குக் கருவண்டு வந்து பூவைப் பிடித்துத் தொங்கி உடம்பையே அதிரவைக்கும். அந்த அதிர்வில் மகரந்தம் உதிர்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். பழத்துக்குக் கொண்டைக்குருவி வருகிறது. வெயில் படும் மூலையில் எருக்கு வைத்தேன், பிள்ளையாருக்கும் ஆகும். அதன் இலையில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரியோடு புழு இருந்தால் தயவுசெய்து மருந்து அடிக்காதீர்கள், ஆரஞ்சு வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கப்போவது அதுதான். எருக்கம்பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் இருந்தால் வேலியோரமாக வையுங்கள்.

கறிவேப்பிலை இந்த மண்ணின் செடி இல்லைதான், ஆனாலும் விட்டுவைத்திருக்கிறேன். பறவை எச்சம் மாதிரி ஒட்டியிருக்கும் குட்டிப் புழு, சில நாளில் பச்சையாகி, தொட்டால் கொம்பை நீட்டி நாற்றம் விடும். இலையில் பாதி அதற்கு, பாதி ரசத்துக்கு.

பட்ட கிளையை உடனே வெட்டாதீர்கள். எங்கள் பின்பக்கத்துப் பட்ட முருங்கைக் கிளையில் குக்குறுவான் ஒன்று பொந்து குடைந்தது. டொங் டொங்கென்று அது கத்துவதைப் பக்கத்து வீட்டு ஆச்சி முதலில் தண்ணீர் மோட்டார் கெட்டுவிட்டது என்று நினைத்தார்.

வீட்டில் இடமில்லாவிட்டால் உங்கள் தாமான் (குடியிருப்பு) திடலுக்குப் புன்னை கேளுங்கள். ஜார்ஜ்டவுன் நிற்கும் முனைக்கு, 1786-ல் ஆங்கிலேயர் இறங்குமுன், தஞ்சோங் பெனாகா என்று பெயர். மலாயில் பெனாகா லாவுட் என்பது நம் நெய்தல் நிலத்துப் புன்னையேதான். பெரிய மரமாகும், அதனால் வாசலில் வேண்டாம். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் திடலோரத்துக்கு மூன்று கன்று கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். உங்கள் வாசல் எந்தத் திசை பார்க்கிறது, கூரைத் தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று எழுதுங்கள், எதை எங்கே வைக்கலாம் என்று சொல்கிறேன்.