மால்ட்டாவில் ஐந்து நாளுக்கும் வாடகைக் கார் வேண்டுமா?

கேள்வி: ஜூலையில் பெரியவர்கள் நாலு பேர் மால்ட்டாவின் தலைநகர் வாலெட்டாவில் ஐந்து நாள் தங்குகிறோம். விமான நிலையத்திலேயே கார் எடுத்துவிடலாமா? முன்பதிவுத் தளத்தில் ‘முழுக் காப்பீடு’ வாங்கினால் கவுன்டரில் எதுவும் கட்ட வேண்டாம்தானே?

பதில்: ஐந்து நாளுக்கும் வேண்டாம். மால்ட்டா தீவின் நீளமே சுமார் 27 கி.மீ.தான். நம் ஊர் போலவே இடப்பக்கம் ஓட்டலாம். நிறுத்த இடம் கிடைப்பதுதான் பாடு. வெள்ளைக் கோடு போட்ட இடம் எல்லோருக்கும், பச்சை அங்கே குடியிருப்பவர்களுக்கு.

கோடையில் பஸ் டிக்கெட் 2.50 யூரோ, இரண்டு மணி நேரத்துக்குள் வேறு பஸ்ஸுக்கும் மாறலாம். 12 பயண அட்டை ஒன்றை நாலு பேரும் சேர்ந்தே பயன்படுத்தலாம், 7 நாள் அட்டையோ ஒருவருக்கு மட்டும். பஸ் நிரம்பிவிட்டால் நடுவழி நிறுத்தங்களில் நிற்காமல் போய்விடும். ஆகவே வாலெட்டா வாசலில் இருக்கும் பஸ் நிலையத்திலேயே ஏறுங்கள்.

காப்பீட்டில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். தளத்தில் வாங்குவது பெரும்பாலும் வேறொரு நிறுவனத்தின் பாலிசி. காரில் கீறல் விழுந்தால் வாடகை நிறுவனம் முதலில் உங்களிடம்தான் வசூலிக்கும். பாலிசி நிறுவனத்திடம் ரசீதைக் காட்டி நீங்கள் பிறகு திரும்பப் பெற வேண்டும். அதனால் கவுன்டரில் உங்கள் கார்டில் டெபாசிட் தொகையை முடக்கத்தான் செய்வார்கள். ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்கட்டும். டெபிட் கார்டைப் பல இடங்களில் ஏற்பதில்லை. டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் மூன்றும் காப்பீட்டில் அடங்குமா என்று கையெழுத்துக்கு முன் படித்துப் பாருங்கள். சாவி வாங்கியதும் நாலு பக்கமும், சக்கர விளிம்புகளும், எரிபொருள் முள்ளும் தெரிய வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பக்கத்தில் இருக்கும் கோசோ தீவுக்குக் காரோடு போவது லாபமா?

பதில்: கோசோவுக்குப் பயணிகள் விமானம் இல்லை, கடல்வழிதான். மால்ட்டாவின் வடமுனையில் உள்ள சிர்க்கேவா துறைமுகத்திலிருந்து கார் ஏற்றும் கப்பல் இரவும் பகலும் உண்டு, 25 நிமிடப் பயணம். போகும்போது டிக்கெட் கேட்க மாட்டார்கள். திரும்பும்போது கோசோவின் இம்ஜார் துறைமுகத்தில் இரு வழிக்கும் சேர்த்துக் கட்டணம். ஆளுக்கு 4.65 யூரோ, காரும் ஓட்டுநரும் சேர்த்து 15.70. நாலு பேர் கார் இல்லாமல் போனால் 18.60, காரோடு என்றால் 29.65. பதினோரு யூரோ வித்தியாசத்துக்குக் காரோடு போவதே மேல். கார் எடுப்பதானால் அந்த ஒரு நாளுக்கு எடுங்கள். ஞாயிறு மாலை மட்டும் திரும்பாதீர்கள், கார் வரிசை நீண்டுவிடும்.

வாலெட்டாவிலிருந்து நேராகப் போகும் விரைவுப் படகு சுமார் 45 நிமிடம், கார் ஏற்றாது. அதில் போய்விட்டுக் கார் கப்பலில் திரும்பினால் இரண்டுக்கும் தனித்தனியாகப் பணம் போகும்.

கேள்வி: சிசிலிக்கு?

பதில்: வாலெட்டாவிலிருந்து சிசிலியின் பொட்சாலோ துறைமுகத்துக்குக் கேட்டமரான் (இரட்டை அடிப்பாகம் கொண்ட விரைவுக் கப்பல்) உண்டு, ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். ஷெங்கன் விசாவே போதும், ஆனால் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். வாடகைக் காரை எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஏற்றாதீர்கள். காப்பீடு செல்லாமல் போகலாம்.