சாமி நினைப்பு பிறவியிலேயே வருகிறதா? – கேள்வி பதில்

கல்லூரி மாணவர்: ஐயா, நாம் பிறக்கும்போதே கடவுள் நம்பிக்கையோடுதான் பிறக்கிறோமா?

நம்பிக்கையோடு இல்லை தம்பி, நம்பிக்கை எளிதில் ஒட்டிக்கொள்ளும் மூளையோடு பிறக்கிறோம். இனிப்பு பிறவியிலேயே நாக்குக்குப் பிடிக்கும். ஆனால் அதிரசம் யாராவது சுட்டுக் கொடுத்தால்தான் தெரியும்.

1944-இல் ஹைடர், சிம்மல் என்ற உளவியலாளர்கள் ஒரு சின்னப் படம் காட்டினார்கள். இரண்டு முக்கோணமும் ஒரு வட்டமும் அங்குமிங்கும் நகரும், அவ்வளவுதான். முதலில் பார்த்த 34 பேரில் ஒருவரைத் தவிர எல்லோரும் அவற்றை உயிருள்ளவையாகவே விவரித்தார்கள். சண்டை, துரத்தல், பயம் எல்லாம் அவர்களுக்குத் தெரிந்தது. வெறும் கோட்டுக்குள் மனசைப் பார்க்கும் மூளை, இடியிலும் நோயிலும் பார்க்காமல் இருக்குமா? அம்மை போட்டால் 'அம்மா வந்திருக்கிறாள்' என்றுதானே சொல்கிறோம்?

ஒரு தாய்: என் மகளுக்கு ஏழு வயது. மலை எதற்கு, மழை எதற்கு என்று ஓயாமல் கேட்கிறாள். வீட்டில் நாங்கள் சாமி பேச்சே எடுப்பதில்லை.

யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம் அம்மா, அந்த வயதின் இயல்பு அது. பாறை ஏன் கூராக இருக்கிறது என்று டெபோரா கெலமன் என்ற உளவியலாளர் அமெரிக்கக் குழந்தைகளிடம் கேட்டார். மண், மழை என்ற விளக்கத்தைவிட, 'விலங்குகளுக்கு அரித்தால் சொறிந்துகொள்ள' என்பதுதான் அவர்களுக்குப் பிடித்தது. வளர்ந்த பிறகும் இது முழுசாகப் போவதில்லை. யோசிக்க நேரம் தராமல் கேட்டால், படித்த பெரியவர்களும் இப்படிப்பட்ட விளக்கங்களுக்குக் கூடுதலாகத் தலையாட்டுகிறார்கள். மகளை உடனே திருத்த வேண்டாம். 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று கேட்டுப் பாருங்கள், அருமையான பதில்கள் வரும்.

மூளையில் கடவுளுக்கென்று தனி இடம் இருக்கிறதாமே?

இல்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன், ஒருவகை வலிப்பு நோயாளிகள் மிகச் சிலரை அமெரிக்காவில் சோதித்தார். மதச் சொற்களைக் காட்டியபோது அவர்கள் உடலில் உணர்ச்சிக் கிளர்ச்சி கூடியது. பத்திரிகைகள் அதைக் 'கடவுள் மையம்' ஆக்கிவிட்டன. 2006-இல் மான்ட்ரியலில் 15 கார்மல் சபைக் கன்னியாஸ்திரிகளின் மூளையைப் படமெடுத்தபோது, பல பகுதிகள் சேர்ந்து இயங்கியதுதான் தெரிந்தது.

நான் நாத்திகன். அப்படியானால் என் மூளையில்தான் ஏதாவது குறையா?

நிச்சயமாக இல்லை. மணிமேகலையில் சமயவாதிகள் வரிசையிலேயே, நிலம், நீர் போன்ற பூதங்களே எல்லாம் என்னும் பூதவாதியும் நின்று, இந்தப் பிறவிக்கு அப்பால் ஒன்றும் இல்லை என்று வாதிடுகிறான். அத்தனை பழைய நிலைப்பாடு அது. அப்புறம், செக் நாட்டையும் ஸ்லோவாக்கியாவையும் பாருங்கள். 1993 வரை ஒரே நாடு. இன்று ஸ்லோவாக்கியாவில் பெரும்பாலோர் ஏதாவது ஒரு மதத்தைச் சேர்ந்தவர்கள், செக் நாட்டில் பெரும்பாலோர் எதையும் சேராதவர்கள். மூளையா மாறியது? நோன்பிருந்து, மண்டியிட்டு, நம்பிக்கைக்காகச் சிரமப்படும் பெரியவர்களைப் பார்த்துத்தான் பிள்ளைகள் நம்பக் கற்கிறார்கள் என்று மானிடவியலாளர் ஜோசப் ஹென்ரிக் சொல்கிறார். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

அப்பா தவறி எட்டு மாதம் ஆகிறது. காலையில் அவருக்கும் ஒரு டம்ளர் காபி வைக்கிறேன். இது மூளை செய்யும் ஏமாற்றா அண்ணா?

'ஏமாற்று' என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன் தங்கச்சி. ஒரு பொம்மலாட்டத்தில் சுண்டெலிக் குட்டியை முதலை தின்றுவிடுகிறது. ஜெஸ்ஸி பெரிங் என்ற உளவியலாளர் அதைச் சிறுவர்களுக்குக் காட்டிக் கேள்வி கேட்டார். 'இனி அதற்குச் சாப்பாடு தேவையா?' என்றால் பலரும் இல்லை என்றார்கள். 'அம்மாமேல் பாசம் இருக்கிறதா?' என்றால் இருக்கிறது என்றவர்கள் அதிகம். உடல் நின்றுபோவது நமக்குச் சீக்கிரம் புரிகிறது. ஒருவரின் பாசம் நின்றுபோவதை மூளையால் அவ்வளவு எளிதில் கற்பனை செய்ய முடிவதில்லை.

ஆனால் ஸ்பெயினில் இன்னொன்றும் கண்டார்கள். இறப்பை மருத்துவர் சொல்வதாகக் கதை வந்தால் 'எல்லாம் முடிந்தது' என்ற குழந்தைகள், பாதிரியார் சொல்வதாக வந்தால் 'இன்னும் இருக்கிறார்' என்ற பக்கம் சாய்ந்தார்கள். இரண்டு எண்ணமும் ஒரே மனசில் இருக்கலாம். உங்களுக்குள்ளும் அப்படித்தான் இருக்கிறது. அப்பா இல்லை என்று உங்களுக்கு நன்றாகவே தெரியும். காபியை வையுங்கள் தங்கச்சி. ஆறிய பிறகு நீங்களே குடியுங்கள், இல்லையென்றால் செடிக்கு ஊற்றுங்கள்.