காளான் அறையின் வாடையும் காற்றும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மாடியறையிலும் வீட்டின் பின்கட்டிலும் சிறிய அளவில் காளான் வளர்ப்போரிடமிருந்து வந்த கடிதங்களில் பல, அறைக்குள் நிற்கும் காற்றைப் பற்றியே கேட்கின்றன. அவற்றுள் ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த இதழில் விடையளிக்கிறோம்.

கேள்வி: மாடியில் 10-க்கு 12 அடி அறையில் சிப்பிக் காளான் வளர்க்கிறேன். வாடை அடிக்கிறது என்று பக்கத்து வீட்டார் குறைகூறுகின்றனர். பினாயில் தெளித்தும், ஊதுபத்தி ஏற்றியும், வாசனைத் திரவம் பீய்ச்சியும் குறையவில்லை. என்ன செய்யலாம்?
(வாசகி, கும்பகோணம்)

முதலில் பினாயிலையும் வாசனைத் திரவத்தையும் அந்த அறையிலிருந்து அகற்றிவிடுங்கள். அவை வாடையின் காரணத்தைத் தொடுவதில்லை. அவற்றின் ஆவி மொட்டுகளைக் கருகச் செய்யக்கூடும் என்பதோடு, எந்த இடத்திலிருந்து எந்த வாடை வருகிறது என்று உங்கள் மூக்கு கண்டுபிடிப்பதற்கும் அவை தடையாகிவிடும். நலமாக இருக்கும் காளான் படுக்கைக்கு, அதாவது வைக்கோலும் வித்தும் நிரப்பிய பாலிதீன் பைக்கு, பெரிய வாடை கிடையாது. மழை நனைத்த வைக்கோலையும் பச்சை மாவையும் நினைவூட்டும் மெல்லிய மணம் ஒன்று உண்டு. அது அடுத்த வீடு வரை செல்லாது. ஆகவே வெளியே சென்று உறுத்தும் அளவுக்கு வாடை இருந்தால், ஏதோ ஒன்று அழுகுகிறது என்று கொள்ள வேண்டும்.

படுக்கைகளை ஒவ்வொன்றாக, முகர்ந்து பாருங்கள் (இருமல், ஆஸ்துமா உள்ளவர்கள் இதைச் செய்யக் கூடாது). புளித்த வாடை வந்தால், வைக்கோலில் நீர் மிகுந்து, காற்றுப் புகாத நடுப்பகுதியில் பாக்டீரியா பெருகியிருக்கிறது. வேகவைத்த வைக்கோலை உலர்த்தியபின் கைப்பிடியளவு எடுத்து இறுக்கிப் பிழிந்தால் உள்ளங்கை நனைய வேண்டும், ஆனால் நீர் சொட்டக் கூடாது. அதுவே ஏறத்தாழ 65 சதவீத ஈரம். பையின் அடியில் பழுப்பு நீர் தேங்கியிருக்கும் படுக்கை இந்தச் சோதனையில் தவறிய படுக்கைதான். மூக்கை அரிக்கும் அம்மோனியா வாடை இருந்தால் அழுகல் முற்றிவிட்டது. அந்தப் படுக்கையைக் காப்பாற்ற முயல வேண்டாம். தேங்காயைப் போன்ற மணம் வந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். டிரைக்கோடெர்மா என்ற பச்சைப் பூசணத்தின் சில வகைகள் அந்த மணத்தைத் தரும் சேர்மத்தை உண்டாக்குகின்றன. பச்சைத் திட்டு கண்ணுக்குத் தென்படும் முன்பே மணம் காட்டிக்கொடுப்பதும் உண்டு. அத்தகைய பையை அறைக்குள் பிரிக்காமல், வேறொரு பைக்குள் கட்டி வெளியே எடுத்துச் செல்லுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் குறை தொடர்ந்தால், அறையை விட்டு வெளியே வந்து தேடுங்கள். எங்கள் அனுபவத்தில், காளான் வாடை என்று அக்கம்பக்கத்தார் சொல்வதில் பெரும்பகுதி காளான் அறையிலிருந்து வருவதே இல்லை. வைக்கோல் ஊறிய தண்ணீரை அன்றே வெளியேற்றாமல் தொட்டியில் விட்டுவைத்தால், நம் ஊர் வெயிலில் ஓரிரு நாளில் சாணக்குழி வாடை கிளம்பிவிடும். அதை அப்படியே தெருச் சாக்கடையில் ஊற்றினால் தெரு முழுவதும் நாறும். அறுவடை முடிந்த படுக்கைகளை மாடியின் மூலையில் குவித்து வைப்பதும் இதே விளைவைத் தரும். பக்கத்து வீட்டாரிடம், வாடை எந்த நாளில், எந்த வேளையில் மிகுதியாக வருகிறது என்று பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள். வைக்கோல் ஊறவைக்கும் நாளோடு அது ஒத்துப்போனால் விடை கிடைத்துவிட்டது. மருந்து கலக்காத ஊறல் நீரைத் தென்னைக்கோ வாழைக்கோ அன்றைக்கே பாய்ச்சலாம். கழிவுப் படுக்கைகளின் பாலிதீனை உரித்துவிட்டு, வைக்கோலை உதிர்த்து, காய்ந்த சருகோடு கலந்து மட்கவைத்தால் வாடை எழாது. மண்புழு உரத்துக்கும் அது நல்ல தீனி.

அறைக்காற்று வீட்டுக்குள் வருவதைத் தடுக்க, விசிறி எப்போதும் காற்றை வெளியே தள்ளுவதாகவே இருக்கட்டும். உள்ளே தள்ளும் விசிறி வைத்தால், கதவிடுக்கு வழியாக அறைக்காற்று கூடத்துக்குள் வந்துவிடும். விசிறி ஓடும்போது, மூடிய கதவின் அடியிடுக்கில் ஒரு ஊதுபத்தியைக் காட்டுங்கள் (ஊதுபத்திக்கு இது ஒன்றுதான் இங்கே வேலை). புகை அறையை நோக்கி இழுபட்டால் அமைப்பு சரி. விசிறியின் வாய் அடுத்த வீட்டுச் சன்னலைப் பார்த்திருந்தால், ஒரு பி.வி.சி. குழாயை இணைத்து மேல்தளத்துக்கு மேலே கொண்டுசென்று விடுங்கள்.

கேள்வி: கோடையில் ஈரப்பதம் குறையாமலிருக்க, சன்னல்கள் அனைத்தையும் பாலிதீன் தாளால் மூடி, ஒரு நாளைக்கு மூன்று வேளை நீர் தெளிக்கிறோம். காளானின் தண்டு நீண்டு, குடை சட்டைப் பொத்தான் அளவிலேயே நின்றுவிடுகிறது. வித்து சரியில்லையா?
(வாசகர், வேலூர்)

வித்தின் மீது பழிபோட வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளம் கரியமில வாயு மிகுந்த அறையின் அடையாளம். காளானும் நம்மைப் போலவே உயிர்வளியை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை வெளிவிடுகிறது. வெளிக்காற்றில் அந்த வாயு ஏறத்தாழ 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு) இருக்கிறது. வித்திலிருந்து பூசண இழை வைக்கோலில் பரவும் நாட்களில் பைக்குள் அது பல மடங்கு கூடினாலும் பூசண இழைக்குக் குறையில்லை. ஆகவே முதல் 15 முதல் 20 நாட்கள் வரை அறை மூடியிருப்பது பொருத்தமே. மொட்டு வைக்கத் தொடங்கியபின் நிலைமை தலைகீழாகிறது. 1,000 பிபிஎம்முக்குள் இருந்தால் குடை விரியும். அதைத் தாண்டிச் செல்லச் செல்ல, தண்டு காற்றைத் தேடுவதுபோல நீண்டு, குடை குறுகும். வித்து பரவும் படுக்கைகளையும் காய்க்கும் படுக்கைகளையும் தனித்தனி அறைகளில் வைக்கச் சொல்வதற்கு இதுவே முதன்மையான காரணம். இரண்டையும் ஒரே அறையில் வைத்தால் ஒன்றுக்கு நல்லது மற்றதற்குக் கேடாகிறது.

வெளிச்சக் குறைவாலும் தண்டு நீளும் என்பதால், அறைக்குள் பகலில் செய்தித்தாள் படிக்கும் அளவு வெளிச்சம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இருந்தும் தண்டு நீண்டால் காற்றோட்டம்தான் காரணம்.

உங்கள் அறையின் அளவு கடிதத்தில் இல்லை. 10-க்கு 12 அடி, உயரம் 9 அடி என்று வைத்துக்கொண்டால் கொள்ளளவு 1,080 கன அடி. காய்ப்பு அறையின் காற்று மணிக்கு 5 அல்லது 6 முறை மாற வேண்டும். 6 முறை என்றால் மணிக்கு 6,480 கன அடி, அதாவது சுமார் 183 கன மீட்டர். எக்ஸாஸ்ட் ஃபேன் பெட்டியின் மீது மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று அச்சிட்டிருப்பார்கள். ஈ புகாத நுண்வலையும் குழாயும் காற்றின் வேகத்தைக் குறைத்துவிடும் என்பதால், 250 முதல் 300 வரை உள்ள விசிறியை வாங்குங்கள். அதைவிடப் பெரியது கையில் இருந்தால், டைமர் பொருத்தி அரைமணிக்கு ஒருமுறை சில நிமிடங்கள் ஓடவிடலாம்.

காற்றை மாற்றினால் ஈரம் போய்விடுமே என்று நீங்கள் அஞ்சுவது நியாயமானதே. கோடையில் வேலூரின் பகல் காற்று அறையிலுள்ள 85 சதவீத ஈரப்பதத்தைச் சிறிது நேரத்தில் உறிஞ்சிவிடும். அதற்குத் தீர்வு, சன்னலை அடைப்பதன்று, உள்ளே வரும் காற்றை நனைத்து அனுப்புவது. விசிறிக்கு எதிர்ச்சுவரில், தரையை ஒட்டிய உயரத்தில் காற்று நுழையும் வழியை அமைத்து, வலையடித்து, அதன் மீது சணல் சாக்கைத் தொங்கவிட்டு, சாக்கின் மேல்விளிம்பில் நீர் சொட்டும்படி சிறு குழாய் வையுங்கள். தரையில் இரண்டு அங்குலத்துக்கு ஆற்றுமணலைப் பரப்பி நனைத்துவிட்டால் படுக்கைகளின் மீது நேரடியாக நீர் தெளிப்பது பாதியாகக் குறையும். நுழையும் காற்று, படுக்கைகள் தொங்கும் உறிகளின் மீது நேராக வீசினால் மொட்டுகள் மஞ்சளித்துச் சுருங்கும் என்பதால், நுழைவழிக்கு முன்னால் ஓர் அட்டையைச் சாய்த்து வைத்துக் காற்றைச் சிதறடிக்க வேண்டும். சாக்கை வாரம் ஒருமுறை துவைத்து வெயிலில் காயவைக்கத் தவறினால், அதுவே பாசி பிடித்து வாடையின் புது ஊற்றாகிவிடும். வெளிக்காற்றில் ஈரம் மிகுந்தும் வெப்பம் குறைந்தும் இருப்பது விடியலுக்கு முந்திய வேளையில். அப்போது விசிறியை ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடவிடுவது செலவில்லாத நல்ல வழி.

கரியமில வாயுவை அளக்கும் கருவி வாங்குவதாயின், என்.டி.ஐ.ஆர். உணரி (அகச்சிவப்பு ஒளியால் அந்த வாயுவையே நேரடியாக அளப்பது) உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். மலிவான கருவிகள் சில, பிற வாயுக்களை அளந்து அதிலிருந்து ஊகித்த எண்ணையே காட்டுகின்றன. வாங்கியதும் மொட்டைமாடியில் வைத்துப் பாருங்கள். 420-க்கு அருகில் காட்டாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம். உண்மையைச் சொன்னால், தண்டின் நீளத்தை நாள்தோறும் கவனிப்பவருக்குக் கருவி கட்டாயமில்லை. மே மாத வெப்பத்தைச் சமாளிக்க முடியாதவர்கள் அந்த மாதங்களில் 30 முதல் 35 டிகிரியில் வளரும் பால் காளானுக்கு மாறிவிடலாம்.

கேள்வி: வெளிநாடுகளில் கூடாரத்துக்குள் செடி வளர்ப்போர் கார்பன் ஃபில்டர் பொருத்தி வாடையைப் போக்குகிறார்களாம். இணையக் கடையில் அதையும், ஓசோன் கருவியையும் பார்த்தேன். காளான் அறைக்கு வாங்கலாமா?
(வாசகர், கோயம்புத்தூர்)

ஓசோன் கருவி வேண்டாம். வாடையைச் சிதைக்கும் அளவுக்கு ஓசோன் இருந்தால், அது உங்கள் நுரையீரலையும் அரிக்கும், பூசண இழையையும் அரிக்கும். உங்களுக்குத் தீங்கில்லாத அளவில் இருந்தால் வாடைக்கு ஒன்றும் செய்யாது.

கார்பன் ஃபில்டரில் உள்ளது ஆக்டிவேட்டட் கார்பன். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து தயாராகி ஏற்றுமதியாகும் பொருள் அது. அதன் நுண்துளைகளில் வாடைப் பொருள்கள் ஒட்டிக்கொள்கின்றன. 50 அல்லது 60 சதவீத ஈரப்பதத்தில் இயங்கும் செடிக் கூடாரங்களில் அது நன்றாகவே வேலைசெய்கிறது. காளான் அறையில் இருப்பதோ 85 சதவீதம். அந்த ஈரத்தில் நீராவியே துளைகளை நிரப்பிக்கொள்வதால் வாடைக்கு இடமிருக்காது; காளான் உதிர்க்கும் வெண்தூளும் சேர்ந்து விரைவில் அடைத்துவிடும். விற்பவர் இதைச் சொல்லமாட்டார். மேலும், அம்மோனியாவைச் சாதாரண ஆக்டிவேட்டட் கார்பன் சரிவரப் பிடிப்பதில்லை. அதற்கென்று அமிலம் ஏற்றிய தனிவகை தேவை. கரியமில வாயுவையும் அது குறைக்காது. அடுப்புக்கரியை வலைப்பையில் கட்டித் தொங்கவிடுவோரும் இருக்கின்றனர். அடுப்புக்கரியில் அத்தனை நுண்துளை கிடையாது. அந்தப் பணத்தில் ஒரு நல்ல விசிறியும், இரண்டு சாக்கும், மஞ்சள் ஒட்டும் அட்டைகளும் வாங்கலாம். அழுகலைத் தேடிவரும் காளான் ஈக்களின் எண்ணிக்கையை அந்த அட்டைகள் காட்டிவிடும். அட்டையில் ஈ திடீரென்று கூடினால், எங்கோ ஒரு படுக்கை கெட்டுக்கொண்டிருக்கிறது.

கேள்வி: அறுவடை செய்த நாளின் மாலையில் என் மனைவிக்குக் காய்ச்சலும் இருமலும் மூச்சுமுட்டலும் வருகின்றன. இரண்டொரு நாளில் சரியாகி, அடுத்த அறுவடையில் மீண்டும் வருகின்றன. இதற்கும் காளானுக்கும் தொடர்பு உண்டா?
(வாசகர், ஈரோடு)

தொடர்பு இருக்கக்கூடும், காலம் தாழ்த்தாமல் நுரையீரல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் காளான் வளர்ப்பதையும், அறுவடைக்குச் சில மணி நேரத்துக்குப் பின் தொல்லை தொடங்குவதையும் நீங்களாகவே அவரிடம் கூற வேண்டும், ஏனெனில் அவர் கேட்காவிட்டால் இது சாதாரணச் சளிக்காய்ச்சலாகவே தோன்றும். சிப்பிக் காளான் முதிரும்போது ஸ்போர் எனப்படும் வெண்தூளைப் பெருமளவில் உதிர்க்கிறது. அதைத் தொடர்ந்து சுவாசிக்கும் சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி உண்டாகிறது. தூளைச் சுவாசித்து 4 முதல் 8 மணி நேரத்துக்குப்பின் காய்ச்சலும் இருமலும் வருவது அதன் வழக்கமான போக்கு. கவனிக்காமல் விட்டால் நுரையீரலில் நிலையான தழும்பு விழக்கூடும். மருத்துவர் முடிவு சொல்லும்வரை உங்கள் மனைவி அந்த அறைக்குள் நுழையவே வேண்டாம்.

மற்றவர்களுக்கும் சொல்கிறோம்: குடையின் விளிம்பு கீழ்நோக்கி வளைந்திருக்கும்போதே பறித்துவிடுங்கள். விளிம்பு நிமிர்ந்து மேல்நோக்கி மடங்கத் தொடங்கினால் தூள் கொட்டத் தொடங்கிவிட்டது என்று பொருள். காலையில் கதவைத் திறக்கும்போது வெளிச்சக் கீற்றில் புகைபோல மிதப்பதும், கறுப்புப் பாலிதீனின் மீது மாவு படிந்ததுபோலத் தெரிவதும் அதுவே. எடை கூடட்டும் என்று ஒரு நாள் காத்திருப்பவர்கள் எடையில் பெறுவதை விட மூச்சில் இழக்கிறார்கள். உள்ளே செல்லும் முன் அரைமணி நேரம் விசிறியை ஓடவிட்டு, தரையை நனைத்துவிட்டு, என்95 முகக்கவசம் அணிந்து செல்லுங்கள். துணியோ அறுவைச் சிகிச்சைக் கவசமோ முகத்தோடு ஒட்டி நிற்காததால் போதுமான காப்புத் தராது.

கேள்வி: வைக்கோலைப் பார்மலின் கலந்த நீரில் ஊறவைக்கிறோம். அறையில் கண் எரிகிறது. அளவைக் குறைத்தால் போதுமா?
(வாசகி, திண்டுக்கல்)

பார்மலின் என்பது ஃபார்மால்டிஹைடு வாயு கரைந்த நீர். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அந்த வாயுவை, மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்குவதாக உறுதிசெய்யப்பட்ட பொருள்களின் தொகுதியில் சேர்த்தது. 100 லிட்டர் நீருக்கு 125 மில்லி பார்மலினோடு கார்பன்டாசிம் என்ற பூசணக்கொல்லியும் கலந்து 18 மணி நேரம் ஊறவைக்கும் முறை வெகுகாலமாகப் பரிந்துரைக்கப்பட்டு வந்ததுதான். ஆனால் அது காற்றோட்டமுள்ள திறந்தவெளியில் செய்ய வேண்டிய வேலை, குடியிருக்கும் வீட்டுக்குள் செய்ய வேண்டியதன்று. உங்களைப் போல் நாற்பது ஐம்பது படுக்கைகள் போடுவோருக்கு அது தேவையே இல்லை. வெட்டி ஊறவைத்த வைக்கோலைச் சாக்கில் கட்டி, 80 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் அமிழ்த்தி வைத்தால் போதும், நீராவியிலும் வேகவைக்கலாம். ஏற்கெனவே கலந்து வைத்த பார்மலின் நீரைச் செடிகளுக்கு ஊற்றாதீர்கள். அறையைக் கழுவச் சலவைச்சோடாவும், அதை நன்றாக அலசிவிட்டுப் பின்னர் தனியாக பிளீச்சிங் பவுடர் கரைசலும் பயன்படுத்தி, இரண்டு நாள் கதவு சன்னல்களைத் திறந்து உலரவிட்டபின் புதுப் படுக்கைகளை ஏற்றுங்கள். பிளீச்சிங் பவுடரை அமிலத்தோடும் பினாயிலோடும் அம்மோனியாவோடும் கலந்துவிடாதீர்கள். பார்மலின் இருந்த பாத்திரத்திலும் அதைக் கரைக்க வேண்டாம்.