ஒரே டெர்ம் லிங்கன்

கேள்வி: லிங்கன் ஜனாதிபதி ஆகுறதுக்கு முன்னாடி நம்ம எம்.பி. மாதிரி ஏதோ பதவில இருந்தாராமே, ஏன் சார் ஒரே தடவையோட நிறுத்திட்டாரு?

பதில்: ஆமாங்க, 1847 டிசம்பர்ல இருந்து 1849 மார்ச் வரைக்கும் இல்லினாய்ஸ்ல இருந்து அமெரிக்க நாடாளுமன்றத்தோட கீழ்ச்சபையான பிரதிநிதிகள் சபைல இருந்தாரு. அந்தத் தொகுதில அவரோட அப்போதைய கட்சியான விக் கட்சிக்காரங்க ஹார்டின், பேக்கர், அப்புறம் லிங்கன்னு ஆளுக்கொரு தடவைன்னு பேசி வச்சிருந்தாங்க, அதனால மறுபடி நிக்கல. ஆனா போன இடத்துல சும்மா இருந்தாரா மனுஷன்? அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் சண்டை நடக்குது, ஜனாதிபதி போல்க் 'நம்ம மண்ணுல நம்ம ரத்தம் சிந்திட்டாங்க'ங்கிறாரு, இவரு எந்திரிச்சு 'எந்த இடம்னு காட்டுங்க'ன்னு தீர்மானமே கொண்டு வந்துட்டாரு! சபைல யாரும் கண்டுக்கல, எதிர்க்கட்சிக்காரங்க 'ஸ்பாட்டி லிங்கன்'னு (இங்கிலீஷ்ல 'ஸ்பாட்'னா இடம்) பட்டப்பேரு வச்சு கிண்டல் பண்ணதுதான் மிச்சம். (என்னைக் கேட்டா கேள்வி நியாயமானதுதான்.) அடுத்த தேர்தல்ல அவரோட பழைய வக்கீல் பார்ட்னர் லோகன் நின்னு தோத்துப் போனாரு. அப்புறம் லிங்கன் நில இலாகா தலைமைப் பதவிக்கு அலைஞ்சாரு, கெடைக்கல. ஓரிகன் கவர்னர் வேலை குடுத்தாங்க, வேணாம்னுட்டு ஸ்பிரிங்ஃபீல்டுக்கே திரும்பி கோர்ட்டு கேஸுன்னு இறங்கிட்டாரு. அதே 1849லதான் மணல்திட்டுல மாட்டுற படகைத் தூக்கி விடுற ஐடியாவுக்கு பேட்டன்ட் வேற வாங்கினாரு, நம்பர் 6469!