குக்கர் வெடித்து அம்மாவுக்குக் கை வெந்துவிட்டது. பழசைக் கொடுத்தால் புதுசு தருவதாகக் கம்பெனி சொல்கிறது. வாங்கிக்கொள்ளலாமா?

இப்போதைக்கு வேண்டாம். வெடித்த குக்கரை யார் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள், நாங்கள் செய்த தப்பே அதுதான்.

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் நாலு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. அக்கா பருப்பு வைத்திருந்தாள், ரொம்ப நேரமாக விசிலே வரவில்லை, அணைக்கலாம் என்று கிட்டே போனதும் மூடி பிய்த்துக்கொண்டு போய் மேல் அலமாரியில் அடித்தது. கொதிக்கிற பருப்பு முழுக்க அவள் கழுத்திலும் இடது கையிலும். ஆட்டோ பிடித்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வாங்கி ஏழு மாசம்தான் ஆகியிருந்தது. உள்ளே அழுத்தம் மிஞ்சினால் சேஃப்டி வால்வு திறந்து ஆவியை விட வேண்டும் இல்லையா, அது கடையில் பார்த்த மாதிரியே அப்படியே இருந்ததை நானே பார்த்தேன். ரெண்டாம் நாள் கடைக்காரர் புதுக் குக்கரோடு வந்தார். அம்மா பழசைக் கொடுத்து, ஒரு தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டார். அப்புறம் நியாயம் கேட்கப் போனால் காட்டுவதற்குக் கையில் ஒன்றுமே இல்லை. அக்கா இன்னமும் கழுத்தில் துப்பட்டா சுற்றாமல் வெளியே போவதில்லை.

புதுக் குக்கர் என்பது வாரண்டி, அவ்வளவுதான். உங்கள் அம்மாவின் காயம், மருத்துவச் செலவு, மன உளைச்சல் எல்லாம் வேறு கணக்கு. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 82 முதல் 87 வரையுள்ள பிரிவுகள் இதற்கென்றே இருக்கின்றன. தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, சரியான எச்சரிக்கை இல்லாதது, எதுவானாலும் தயாரித்தவர் பொறுப்பு. அந்தக் குறையால்தான் காயம் என்று நீங்கள் காட்ட வேண்டும், அதற்குத்தான் குக்கர் வேண்டும் என்கிறேன், புகாரை விசாரிக்கிற நுகர்வோர் ஆணையமே அதைப் பரிசோதனைக்கு அனுப்ப முடியும். தயாரித்தவர் யாரென்றே தெரியாவிட்டால் விற்றவரைப் பிடிக்கலாம்.

ஒன்று மட்டும் மறைக்காதீர்கள். தெருமுனைக் கடையில் கேஸ்கட்டோ வால்வோ மாற்றியிருந்தால், பொருளை நீங்களே மாற்றிவிட்டீர்கள், தப்பாகப் பயன்படுத்தினீர்கள் என்று கம்பெனி முதலில் அதைத்தான் பிடித்துக்கொள்ளும்.

பில், ஆஸ்பத்திரியில் போடும் ஏ.ஆர். (விபத்துப் பதிவு) காப்பி, டிஸ்சார்ஜ் சீட்டு, காயத்தின் படம், குக்கரில் உள்ள ஐ.எஸ்.ஐ. முத்திரையின் படம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். வடசென்னையில் குடியிருந்தால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. மாவட்ட ஆணையமா, அதற்கு மேலே உள்ளதா என்பது பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்துத்தான், எவ்வளவு நஷ்டஈடு கேட்கிறீர்கள் என்பதை வைத்து அல்ல. விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. 2 வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். வழி தெரியாவிட்டால் 1915-க்குப் போன் செய்து கேளுங்கள்.

சர்வீஸ் ஆள் வந்தால் உங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்க்கட்டும், படம் எடுத்துக்கொள்ளட்டும். அந்த மூடியைக் கழுவக்கூட வேண்டாம், ஒட்டியிருப்பதோடு அப்படியே ஒரு பையில் கட்டி வையுங்கள்.