திரைப்படப் பட்டப்படிப்பின் செய்முறைப் பக்கம்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

நான் எடிட்டர். இளங்கலைத் திரைப்பட மாணவர்களுக்குப் பல வருடங்களாகச் செய்முறை வகுப்பும் எடுக்கிறேன். படிப்பு, படப்பிடிப்புப் பயிற்சி, எடிட்டிங், ஒலி பற்றிக் கேட்கலாம். நடிக்க வாய்ப்பு கேட்பவர்கள் தயவுசெய்து வேறு ஆளைப் பாருங்கள்.

பள்ளி_முடிகிறது: அக்கா, எந்தக் கல்லூரி நல்லது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லார் விளம்பரத்திலும் பெரிய கேமரா படம்தான் இருக்கிறது.

அந்தக் கேமராவை முதலாண்டு மாணவன் தொட முடியுமா என்று கேள். பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும். அப்புறம், மூன்று வருடத்தில் ஒரு மாணவர் எத்தனை படத்தில் வேலை செய்வார், ஒவ்வொன்றிலும் என்ன பொறுப்பில் இருப்பார் என்று கேள். "நாற்பது பேர் சேர்ந்து ஒரு டிப்ளமோ படம்" என்று பதில் வந்தால் முப்பது பேர் வேடிக்கை பார்த்தார்கள் என்று அர்த்தம். எடிட்டிங் அறை இரவில் திறந்திருக்குமா, சனி ஞாயிறுகளில் கருவிகளை வெளியே எடுத்துப் போகலாமா, ஒலிக்கென்று தனியாக ஆசிரியர் இருக்கிறாரா என்பதையும் விசாரி. கடைசிக் கேள்விக்குப் பல இடங்களில் மழுப்புவார்கள்.

சென்ற வருட மாணவர்களின் படங்களைக் காட்டச் சொல். பரிசு வாங்கிய படத்தைத்தான் போடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு, சுமாரான ஒன்றையும் கேட்டு வாங்கிப் பார். நன்றாக வந்த படம் அந்த மாணவனின் திறமையாக இருக்கலாம், சுமாரான படத்தில்தான் கல்லூரி என்ன சொல்லிக்கொடுத்தது என்று தெரியும். வசனம் தெளிவாகக் கேட்கிறதா, ஷாட்டுக்கு ஷாட் வெளிச்சம் ஒத்துப்போகிறதா, முடிய வேண்டிய இடத்தில் முடிகிறதா, இந்த மூன்றும் போதும்.

இன்னொன்று. செய்முறைப் படிப்பு என்றதும் எழுத்து வேலையே இருக்காது என்று நினைத்து வருகிறார்கள். பெரும்பாலான இடங்களில் படத்தோடு தயாரிப்புக் கோப்பு, "ஏன் இப்படி எடுத்தேன்" என்ற கட்டுரை எல்லாம் கேட்பார்கள், அதற்கும் மதிப்பெண் உண்டு. நல்ல படம் எடுத்துவிட்டுக் கோப்பில் கோட்டை விட்டவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

புதுமுகம்: சேர்க்கைக்கு மாதிரிப் படைப்புகள் கேட்கிறார்கள். நான் இன்னும் படமே எடுக்கவில்லை. என்ன அனுப்புவது?

போனில் ஒரு நிமிடப் படம் ஒன்று. வசனம் வேண்டாம், பின்னணிப் பாட்டு வேண்டாம். ஒருவர் ஒரு காரியத்தைச் செய்ய முயல்கிறார், முடிகிறது அல்லது முடியவில்லை, அவ்வளவுதான் கதை. கூடவே நீ எடுத்த புகைப்படங்களில் நல்லதாகப் பத்து, எழுதிய காட்சி இரண்டு பக்கம். டிரோன் ஷாட்டுகளை அதிரடி இசையோடு ஒட்டி அனுப்பாதே, அதைப் பார்த்துப் பார்த்து எங்களுக்கு அலுத்துவிட்டது. அனுப்பும் முன் எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் காப்பி எடுத்து வை.

லென்ஸ்_ஆசை: முதல் வருடம் சேரப்போகிறேன். எந்தக் கேமரா வாங்கலாம்?

வாங்காதே. கல்லூரியில் கொடுப்பார்கள். காசிருந்தால் நல்ல ஹெட்போனும் இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க்கும் வாங்கு.

இரண்டாம்_ஆண்டு: மேடம், எங்கள் குறும்படத்தில் சமையலறைக் காட்சி. நடிப்பு பிரமாதமாக வந்திருக்கிறது. ஆனால் வெட்டும் இடத்திலெல்லாம் பின்னணி இரைச்சல் மாறிக்கொண்டே இருக்கிறது. எடிட்டில் சரிசெய்ய முடியுமா?

அது ஃபிரிட்ஜ். படப்பிடிப்பு நடக்கும்போது ஃபிரிட்ஜின் மோட்டார் அதுபாட்டுக்கு ஓடும், நிற்கும். அங்கே உங்கள் காதில் விழாது, மூளை வடிகட்டிவிடும். மைக் வடிகட்டாது. ஒரு டேக்கில் உறுமல் இருக்கும், அடுத்ததில் இருக்காது, இரண்டையும் ஒட்டினால் ஒவ்வொரு வெட்டும் பல்லிளிக்கும். அடுத்த முறை ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு, வண்டிச் சாவியை அதற்குள்ளே வைத்துவிடுங்கள். சாவி எடுக்காமல் வீட்டுக்குப் போக முடியாது, அதனால் திரும்பப் போட மறக்க மாட்டீர்கள். ஒலிப்பதிவுக்காரர்கள் காலங்காலமாகச் செய்வது இது.

இப்போதைக்கு வழி: அந்த அறையின் வெறும் ஒலியைத் தனியாகப் பதிவு செய்தீர்களா? எல்லாரும் அசையாமல் நிற்க, அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை எடுக்கும் ரூம் டோன். இருந்தால் காட்சி முழுக்க அடியில் ஓடவிட்டு, வெட்டுகளின் இரு பக்கமும் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்குங்கள். இல்லாவிட்டால் ஃபுட்டேஜை, அதாவது எடுத்த பதிவு முழுவதையும், அலசி, "ஆக்‌ஷன்" சொல்வதற்கு முன் இருக்கும் ஓரிரு விநாடி மௌனங்களைப் பொறுக்கி ஒட்டுங்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருளை அளவோடு போடுங்கள், அதிகமானால் ஆள் தண்ணீருக்கடியில் பேசுவது போல ஆகிவிடும்.

இனிமேல் ஒலியை 48 கிலோ ஹெர்ட்ஸ், 24 பிட் அமைப்பில் பதிவு செய்யுங்கள். வசனத்தின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் இருக்கட்டும், திடீரென்று யாராவது கத்தினாலும் ஒலி உடையாது. பதிவு செய்பவர் காதில் ஹெட்போன் இருக்க வேண்டும். கழுத்தில் மாலையாகத் தொங்கவிட்டிருப்பவரை ஒலிப்பதிவாளர் என்று நான் ஒப்புக்கொள்வதில்லை.

மின்னும்_திரை: இரவில் அறைக்குள் எடுத்ததில் பட்டை பட்டையாக மின்னுகிறது. ஏன்?

விளக்கின் துடிப்பும் ஷட்டரும் ஒத்துப்போகவில்லை. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடியில் வையுங்கள், 60 என்றால் 1/60 அல்லது 1/120. அப்படியும் மின்னினால் அது மட்டமான எல்இடி, விளக்கை மாற்றுங்கள். இதற்கு மேல் ஒளிப்பதிவாளரிடம் கேளுங்கள்.

அனிமேஷன்_பிரியன்: விஷுவல் எஃபெக்ட்ஸ் படிக்க எந்த மென்பொருள் நல்லது?

என் துறை இல்லை தம்பி. அந்த வேலை செய்பவரைக் கேள்.

குறும்பட_ராஜா: ஆரம்பிப்பவர்களுக்கு ஏற்ற கேமரா எது அக்கா?

மேலே பதில் இருக்கிறது.

மூன்றாம்_ஆண்டு: எங்கள் துறையில் ஒரு பயிற்சியை 16 எம்எம் ஃபிலிமில் எடுக்கச் சொல்கிறார்கள். இந்தக் காலத்தில் இது எதற்கு?

செய்யுங்கள், மறுபடி வாய்க்காது. 400 அடிச் சுருள், நொடிக்கு 24 ஃப்ரேமில், 11 நிமிடம்தான் ஓடும். 3 நிமிடப் படம் என்றால் ஷாட்டுக்கு சராசரியாக மூன்று டேக்குக்கு மேல் இடமில்லை. அதனால் ஒத்திகை பார்ப்பீர்கள், டேப் பிடித்து ஃபோகஸ் அளப்பீர்கள், எந்த இடத்தில் வெட்டு வரும் என்று முன்கூட்டியே பேசுவீர்கள். டிஜிட்டலில் அதே 3 நிமிடப் படத்துக்கு 4 மணி நேர ஃபுட்டேஜைக் கொண்டுவந்து என் மேசையில் கொட்டுகிறார்கள். அதை எடுத்தவர்களே முழுசாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

டிஜிட்டல்காரன்: மன்னிக்கவும் மேடம், இது பழைய ஆட்களின் ஏக்கம். கட்டுப்பாடுதான் வேண்டும் என்றால் சின்ன மெமரி கார்டு கொடுங்கள், 11 நிமிடத்தில் நிரம்பட்டும். ஃபிலிமைக் கழுவித் தரும் லேபுக்கு அழும் காசில் நல்ல மைக் இரண்டு வாங்கலாம்.

மைக் என்று வந்துவிட்டால் நான் உங்கள் கட்சி. ஆனால் சின்ன கார்டைக் கொடுத்துப் பார்த்தாயிற்று. பிடிக்காத டேக்கை அங்கேயே அழித்துவிட்டு மறுபடி எடுத்தார்கள். ஃபிலிமில் ஓடியது ஓடியதுதான்.

டிஜிட்டல்காரன்: அழிக்கக் கூடாது என்று விதி போட வேண்டியதுதானே? ரஷ்ய இயக்குநர் குலெஷோவ் ஃபிலிமே இல்லாமல் பாடம் நடத்தவில்லையா?

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். மாஸ்கோவில் திரைப்படப் பள்ளி 1919இல் தொடங்கியபோது கச்சா ஃபிலிமுக்குக் கடும் பஞ்சம். அவருடைய பட்டறையில் கேமராவில் ஃபிலிம் இல்லாமலே முழுக் காட்சிகளை ஒத்திகை செய்து அரங்கேற்றினார்கள், ஏற்கெனவே இருந்த படங்களை வெட்டி ஒட்டிப் பழகினார்கள். பற்றாக்குறை கற்றுக்கொடுத்தது என்றால் சரி, உங்கள் வாதத்துக்கு அது பலம்தான். ஆனால் நான் சொல்வதில் இன்னொரு பாதி உண்டு. ஃபிலிமில் எடுத்தது லேபிலிருந்து வரும்வரை தெரியாது, அதனால் இயக்குநர் நடிகரைப் பார்ப்பார். டிஜிட்டல் செட்டில் ஆறு பேர் மானிட்டரைச் சுற்றி நின்றுகொண்டு நடிகருக்கு முதுகைக் காட்டுகிறார்கள். பாவம், அந்தப் பையன் யாருக்காக அழுகிறான்?

கருவி_அறை: நான் ஒரு கல்லூரியில் கருவிகள் கொடுத்து வாங்கும் வேலையில் இருக்கிறேன். ஃபிலிம் பயிற்சியில் ஒரு குழு சுருளை மாட்டும்போது வெளிச்சம் பட்டு மொத்தமும் போயிற்று. அவர்களுக்கு மதிப்பெண் யார் போடுவது?

நியாயமான கேள்வி. அதனால்தான் பட்டப்படத்தை ஃபிலிமில் எடுக்க நான் யாருக்கும் சொல்வதில்லை. ஒரு சுருள், ஒரு நாள், திட்டமிடலுக்கு மட்டும் மதிப்பெண். சுருள் வெளிச்சம் பட்டு வீணானாலும் ஷாட் பட்டியலும் ஒத்திகைக் குறிப்பும் கையில் இருக்குமே.

டிஜிட்டல்காரன்: அப்படியானால் மானிட்டரைத் துணி போட்டு மூடி, அழிக்கத் தடை போட்டால் டிஜிட்டலிலும் இதே பலன்தான். ஒப்புக்கொள்ளுங்கள்.

பெரும்பகுதி கிடைக்கும், ஒப்புக்கொள்கிறேன். அடுத்த முறை ஒரு பிரிவுக்கு ஃபிலிம், இன்னொரு பிரிவுக்கு மூடிய மானிட்டர் என்று கொடுத்துப் பார்க்கிறேன். போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

தனியாள்: குழுவில் ஐந்து பேர். இரண்டு பேர் வருவதே இல்லை. மதிப்பெண் மட்டும் எல்லாருக்கும் ஒன்று. என்ன செய்வது?

யார் என்ன வேலை, எந்தத் தேதிக்குள் என்று முதல் கூட்டத்திலேயே எழுதி ஐந்து பேருக்கும் அனுப்பு. வராத நாளைக் குறித்து வை. இரண்டாவது முறை வராதபோதே ஆசிரியரிடம் போ. படத்தை ஒப்படைத்த பிறகு வந்து அழுதால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது, கையில் ஆதாரமும் இருக்காது. அப்புறம், பலரும் மறைப்பது: வராதவர்களில் பாதிப் பேர் இயக்குநர் பொறுப்பு கிடைக்காத கோபத்தில் வராதவர்கள். அவர்களுக்கு உருப்படியான வேலை கொடுத்துப் பார். "அசிஸ்டென்ட்" என்று பெயர் வைத்துவிட்டு டீ வாங்க அனுப்பினால் யார் வருவார்? ஆமாம், எடுத்த ஃபுட்டேஜெல்லாம் அந்த வராத ஆளின் லேப்டாப்பில் மட்டும் இல்லையே?

பாட்டுக்காரன்: சினிமாப் பாட்டு ஒன்றைப் பத்து விநாடி மட்டும் போட்டால் பிரச்சினை இல்லைதானே?

"பத்து விநாடிக்குள் இருந்தால் சும்மா எடுக்கலாம்" என்று பொதுவான சட்டம் எதுவும் கிடையாது. பாட்டின் மெட்டுக்கும் வரிகளுக்கும் ஓர் உரிமை, அந்த ஒலிப்பதிவுக்குத் தனியாக ஓர் உரிமை, இரண்டுக்கும் அனுமதி வேண்டும். வகுப்பில் போட்டுக் காட்டும்போது யாரும் கேட்காமல் விடலாம், விழாவுக்கு அனுப்பும்போது உரிமைக் கடிதம் கேட்பார்கள். இசை படிக்கும் நண்பனைப் பிடி. நடித்தவர்களிடமும் படப்பிடிப்பு அன்றைக்கே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கு.

அப்பா_கேட்கிறார்: இந்தப் பட்டம் வாங்கினால் வேலை கிடைக்குமா?

பட்டத்தைக் காட்டி யாரும் வேலை தரமாட்டார்கள் என்று அப்பாவிடம் நேராகவே சொல்லுங்கள். கூடப் படித்தவன் கூப்பிடுவான், மூத்த மாணவி கூப்பிடுவாள், முடித்துக் காட்டிய படம் இருந்தால் நம்பிக் கூப்பிடுவார்கள். ஒலி, எடிட்டிங், தயாரிப்பு நிர்வாகம் தெரிந்தவர்கள் இயக்கம் மட்டும் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் சம்பாதிக்கத் தொடங்குவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

சட்டகம்: வணக்கம் மேடம், நல்ல கேமரா ஒன்று சொல்லுங்களேன்?

இல்லை.

பதற்றம்: அக்கா, அவசரம். நேற்று எடுத்த கார்டைத் தெரியாமல் ஃபார்மேட் செய்துவிட்டோம். வேறு காப்பி இல்லை. நாளைக்கும் ஷூட்டிங், இருப்பது அந்த ஒரு கார்டுதான்.

அதில் நாளைக்கு ஒரு ஃப்ரேம்கூட எடுக்காதே. பல கேமராக்கள் ஃபார்மேட் செய்யும்போது கோப்புப் பட்டியலைத்தான் அழிக்கும், படம் அடியில் கிடக்க வாய்ப்பு உண்டு. மேலே புதிதாக எழுதினால்தான் நிஜமாகவே போகும். கடன் வாங்கியாவது நாளைக்கு வேறு கார்டு பார். இதை கார்டு ரீடரில் போட்டு, முதலில் கார்டு முழுவதையும் அப்படியே ஒரே கோப்பாக (டிஸ்க் இமேஜ்) காப்பி எடு, பிறகு அந்தக் காப்பியில் மீட்பு மென்பொருளை ஓட்டு. கிடைப்பதைக் கார்டிலேயே சேமிக்காதே, தனி டிஸ்க்கில் போடு. வீடியோக் கோப்புகள் துண்டுதுண்டாக வந்து திறக்க மறுத்தால் நீங்களே நோண்ட வேண்டாம், தரவு மீட்பு செய்பவரிடம் கொடுங்கள். இப்போது பதில் எழுதிக்கொண்டிருக்காமல் கார்டைக் கேமராவிலிருந்து எடு.